புழுவைக் கிட்டப் பார்க்க ஒரு வழி

பதுளை, கண்டிப் பக்கம் லயத்துத் தோட்டத்தில் தேசி மரமோ கறிவேப்பிலையோ இருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். கடிபட்ட இலைக்குக் கீழே கறுப்பாக, மணிமணியாக எச்சம் கிடக்கிறதா? அதற்கு நேர் மேலே பாருங்கள். இலையில் குருவி எச்சம்போல ஒட்டியிருப்பதுதான் வண்ணத்துப்பூச்சியின் குஞ்சுப் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும். அப்போது முதுகில் இரண்டு பெரிய 'கண்' தெரியும். அது வெறும் வேஷம். உண்மையான தலை அதற்கு முன்னால் குனிந்திருக்கும். அதன் இரு பக்கமும் பக்கத்துக்கு 6 பொட்டுக் கண்கள், லென்ஸ் வைத்தால்தான் தெரியும். குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீளும், கூடவே ஒரு வாடை. பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் விடாதீர்கள்!

போனில் படமெடுக்க, காலை வெயில் பக்கவாட்டில் விழட்டும். பிளாஷ் போட்டால் எல்லாம் வெளுத்துப் போகும். புழுவைப் பிய்த்தெடுக்காமல் கிளையோடு பிடியுங்கள்.

மயிரோ முள்ளோ உள்ளதைத் தொடவே கூடாது. தேயிலை இலையடியில் இருக்கும் முள்புழு பட்டால் கொழுந்தெடுக்கும் கை நெருப்பாக எரியும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், முள் இன்னும் உள்ளே போகும். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணி வையுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.