போனா, கார்டா, ரொக்கமா? கல்லாவில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது

மன்னார்குடியில் எங்களுக்கு ஒரு மளிகைக் கடை. பதினாறு வருடமாகக் கல்லாவில் உட்காருவது நான்தான். 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் கடையில் சரக்கு இருந்தது, வாங்க ஆட்களும் வந்தார்கள், கொடுக்கத்தான் கையில் செல்லும் பணம் இல்லை. போன் வழியாக வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் யுபிஐ அந்த வருடம்தான் வந்திருந்தது என்றாலும், எங்கள் தெருவுக்கு அது வந்து சேரச் சில வருடங்கள் ஆயின. இப்போது பத்துப் பேர் வந்தால் ஏழு பேராவது ஸ்கேன் செய்கிறார்கள். மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வேலை ஒழிந்தது. நாற்பத்தேழு ரூபாய் என்றால் நாற்பத்தேழே வருகிறது. எனக்கு அது பெரிய நிம்மதி.

தெருவில் யார் புதுப் போன் வாங்கினாலும், "அக்கா, ஜிபே போட்டுக் கொடுங்க" என்று என்னிடம் வருகிறார்கள். போட்டுக் கொடுப்பதோடு சேர்த்து ஒன்றை எல்லோரிடமும் சொல்கிறேன். போனை அன்றாடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கார்டும் கொஞ்சம் ரொக்கமும் எப்போதும் நிற்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்யத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அம்மா இருக்கும் வடுவூரிலிருந்து காலை ஆறு மணிக்கே கிளம்பியதால் அம்மா வெறும் வயிறு. போன்தான் இருக்கிறதே என்று பர்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டேன். பில் 1,350 ரூபாய். ஸ்கேன் செய்தால் சக்கரம் சுற்றுகிறது, பிறகு சிவப்பு எழுத்து. என் வங்கியின் சர்வர் படுத்துவிட்டது. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும் அப்படியே. பின்னால் வரிசை நீள்கிறது. அம்மா ஒன்றும் பேசாமல் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நாலாக மடித்த நோட்டுகளைப் பிரித்து எண்ணினார். 1,400 இருந்தது. எழுபது வயதுக்காரர் பசியோடு நின்றுகொண்டு நோட்டைப் பிரித்த அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மாற்றி அமைத்தேன். அப்படி மாற்றியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பிரியுங்கள்

சேமிப்பு முழுவதும் இருக்கும் கணக்கைப் போனில் இணைக்க வேண்டாம். இன்னொரு வங்கியில் ஒரு சாதாரணக் கணக்கு திறந்து, மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டு, அதைப் போனோடு இணையுங்கள். நான் மாதம் எட்டாயிரம் போடுகிறேன். ஏமாந்தாலும் போவது அந்த எட்டாயிரத்துக்குள்தான். பெரிய கணக்கின் டெபிட் கார்டு பர்ஸில் இருக்கும். ஒரு வங்கி படுத்தால் இன்னொன்று எழுந்து நிற்கும். ஒரே வங்கியில் இரண்டு கணக்கு வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது, ஏனென்றால் சர்வர் படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும்.

போனில் போடும் முறை

வங்கியில் எந்த எண் கொடுத்திருக்கிறீர்களோ அந்த சிம் இந்தப் போனில் இருக்க வேண்டும். இரண்டு சிம் போன் என்றால் செயலி கேட்கும்போது சரியான சிம்மைத் தேர்ந்தெடுங்கள். செயலி அந்த சிம்மிலிருந்து தானாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் எண்ணைச் சரிபார்க்கும். என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இந்த இடத்தில்தான் நின்றுபோகும். காரணம், ரீசார்ஜ் முடிந்திருக்கும், அல்லது அவர்கள் போட்ட பிளானில் எஸ்எம்எஸ் இருக்காது. செயலியைக் குறை சொல்லிப் பயனில்லை, ரீசார்ஜைப் பாருங்கள்.

அப்புறம் வங்கியைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு தானாக வரும். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்களும் காலாவதி மாதம், வருடமும் கேட்கும். கார்டு இல்லாதவர்கள் ஆதார் வழியாகவும் செய்யலாம், ஆதாரில் அதே போன் எண் இருக்க வேண்டும். ஓடிபி வந்ததும் நாலு அல்லது ஆறு இலக்க ரகசிய எண், அதாவது பின் (PIN), வைக்கச் சொல்லும். பிறந்த வருடம் வேண்டாம், வண்டி நம்பரும் வேண்டாம். அதை அவரவரே தட்ட வேண்டும். அம்மா பின் வைத்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "உனக்குத் தெரிஞ்சா என்னடி?" என்றார். "எனக்கே சொல்லலைன்னா வேற யாருக்கும் சொல்ல மாட்டீங்கம்மா" என்றேன்.

புதுப் போனில் போட்ட முதல் 24 மணி நேரத்துக்கு 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். ஆகவே கல்யாண ஜவுளி எடுக்கக் கிளம்பும் காலையில் உட்கார்ந்து இதைச் செய்யாதீர்கள், இரண்டு நாள் முன்பே செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் வரை போகும். சில வங்கிகள் அதற்கும் குறைவாக வைத்திருக்கின்றன.

போட்டு முடித்ததும் முதல் பணத்தை எனக்கே ஒரு ரூபாயாக அனுப்பச் சொல்வேன். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். இந்தப் பழக்கம் ஒன்று வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கடைப் பெயரோ கடைக்காரர் பெயரோ வராமல் வேறு எதுவோ வந்தால், தொகையைத் தட்டாமல் கேட்டுவிடுங்கள். கடை வாசலில் ஒட்டிய க்யூஆர் மேலேயே வேறொருவர் தன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு நடக்கிறது. நான் தினமும் கடை திறந்ததும் எங்கள் அட்டையை விரலால் தடவிப் பார்க்கிறேன், மேலே எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று.

சின்னச் செலவுக்கு லைட்

பால், கீரை, டீ என்று நாளைக்குப் பத்துத் தடவை ஸ்கேன் செய்பவர்கள் யுபிஐ லைட் வைத்துக்கொள்ளுங்கள். அதே செயலிக்குள் இருக்கும். கணக்கிலிருந்து 5,000 வரை அதில் எடுத்து வைக்கலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமலே போகும். கூட்டத்தில் நின்று பின் தட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஒவ்வொரு தடவையும் வங்கிக் கணக்கைத் தொடாததால் வங்கி நெரிசலில் திணறும் நேரத்திலும் பெரும்பாலும் போய்விடுகிறது. பாஸ்புக்கும் பதினைந்து ரூபாய் வரிகளால் நிரம்பாது. ஆனால் போன் பூட்டு இல்லாதவர்கள் இதை வைக்கவே கூடாது. பின் கேட்காத பணம் என்றால் போனை எடுத்தவனுக்கும் கேட்காது. நான் ஐந்நூறுக்கு மேல் அதில் வைப்பதில்லை.

பட்டன் போன் வைத்திருக்கும் என் மாமனார் போன்றவர்களுக்கும் வழி உண்டு. *99# என்று அழைத்தால் நெட் இல்லாமலே அனுப்பலாம். பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

கார்டை எங்கே எடுப்பது

கார்டை மிஷினில் தொட்டால் 5,000 ரூபாய் வரை பின் கேட்காமல் எடுத்துக்கொள்ளும், 2021 ஜனவரியிலிருந்து அந்த வரம்பு. கார்டில் சாய்ந்த நாலு வளைவுக் கோடுகள் இருந்தால் அது தொடும் கார்டு. தொட்டும் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் அது திறக்கப்படாமல் இருக்கும். வங்கிச் செயலியில் கார்டுப் பகுதிக்குப் போனால் தொட்டுச் செலுத்துவது, ஆன்லைன், வெளிநாடு என்று தனித்தனியே திறக்கவும் மூடவும் பொத்தான்கள் இருக்கும். அம்மா கார்டில் தொடுவதை 2,000 வரை திறந்து வைத்தேன், ஆன்லைனையும் வெளிநாட்டையும் மூடிவிட்டேன். அவர் வடுவூரை விட்டு அதிகம் போவதில்லை, திறந்து வைத்து என்ன ஆகப்போகிறது?

போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கார்டு வேலை செய்யும். ஆஸ்பத்திரி, நகைக்கடை, பெட்ரோல் பங்க் என்று பெரிய தொகை கைமாறும் இடங்களில் எனக்கு அதுதான் தைரியம். எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் மட்டும் கார்டை நீட்டி மிஷின் எங்கே என்று கேட்காதீர்கள். மிஷினுக்கு வாடகை, பல கார்டுகளுக்குக் கமிஷன் என்று எங்களுக்குச் செலவு உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து நேராக வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து அந்தக் கமிஷன் கிடையாது. அதனால்தான் நாங்கள் க்யூஆரை முகத்துக்கு நேரே மாட்டி வைக்கிறோம்.

ரொக்கத்தை விடாதீர்கள்

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. எங்கள் ஊரில் தென்னை, மின்கம்பம் எல்லாம் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லை. டவர் இல்லை, ஏடிஎம் இல்லை. அந்த நாட்களில் மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, அரிசி கேட்டு வந்தவர்களில் கையில் நோட்டு இருந்தவர் பாதிப் பேர்கூட இல்லை. வங்கியில் பணம் இருக்கிறது, எடுக்க வழியில்லை. தெரிந்த முகம் என்பதால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தோம். தெரியாத ஊரில் மாட்டிக்கொண்டவருக்கு யார் கொடுப்பார்கள்?

அன்றிலிருந்து பீரோவில் ஒரு டப்பாவில் மூவாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன். ஐந்நூறு நோட்டாக வைத்தால் பயனில்லை, கரண்ட் இல்லாத நாளில் மீதி கொடுக்க யாரிடமும் சில்லறை இருக்காது. நூறு, ஐம்பது, இருபது, பத்தாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை பிறக்கும் முன் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள், வீட்டில் யாராவது அவசரத்துக்கு எடுத்திருப்பார்கள். புயல் நாள் போகட்டும், திருவிழா நாளிலும் இது உதவும். பங்குனியில் ராஜகோபாலசுவாமிக்கு வெண்ணெய்த்தாழி அன்று அந்தக் கூட்டத்துக்குள் போனை வெளியே எடுக்கவே முடியாது, நெட்டும் திணறும். வெண்ணெய் வாங்க இருபது ரூபாய் நோட்டுதான் சரி.

பணம் போய், சேரவில்லை என்றால்

உங்கள் கணக்கில் கழிந்துவிட்டது, கடைக்காரர் வரவில்லை என்கிறார். உடனே இரண்டாம் தடவை அனுப்பாதீர்கள். செயலியில் அந்தப் பரிமாற்றத்தைத் திறந்தால் 12 இலக்கக் குறிப்பு எண் இருக்கும், அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். நான் அதன் கடைசி நாலு எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு சரக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் சில நிமிடத்தில், பணம் வந்ததைச் சொல்லும் கடை ஸ்பீக்கர் கூவிவிடும். வரவே இல்லை என்றால், ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் மறுநாளுக்குள்ளும் கடைக்கு அனுப்பியது ஐந்து நாளுக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2019-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டு வாங்குங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு மாலை கூட்ட நேரத்தில் ஒரு தம்பி 640 ரூபாய்க்கு எண்ணெயும் பருப்பும் வாங்கிவிட்டுப் பச்சை டிக் போட்ட திரையைக் காட்டிவிட்டுப் போனார். ஸ்பீக்கர் பேசவில்லை, சத்தத்தில் நான் கவனிக்கவில்லை. இரவு கணக்கில் அந்தப் பணம் இல்லை. அவர் காட்டியது பழைய படம். இப்போது ஸ்பீக்கர் சொன்னால்தான், அல்லது என் போனில் வந்தால்தான் பை கை மாறும். நல்லவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை.

யாரோ போன் செய்து, "தவறுதலா உங்களுக்குப் பணம் அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க" என்றால், வந்த எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கின் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்ப வேண்டாம், அவர் வங்கி வழியாகக் கேட்கட்டும். பணம் வாங்க பின் தேவையே இல்லை. வாங்குவதற்கு பின் தட்டச் சொல்கிற யாரும் உங்கள் பணத்தை எடுக்கத்தான் சொல்கிறார்கள். தட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள், பிறகு வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவில் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.

போன் தொலைந்தாலும் இதே அவசரம்தான். வேறு போனிலிருந்து சிம்மை முடக்கச் சொல்லுங்கள், அடுத்து வங்கியில் யுபிஐயை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் தொலைந்த போனுக்குள்தானே எல்லா எண்ணும் இருக்கிறது? அதனால் ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு வங்கிகளின் உதவி எண், சிம் நிறுவனத்தின் எண், 1930 எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். அம்மா வீட்டில் காலண்டருக்குப் பின்னால் ஒன்று. இன்னொன்றைச் சின்னதாக மடித்து, ஐந்து நூறு ரூபாய் நோட்டுகளோடு அவருடைய சுருக்குப்பையில் போட்டுக் கொடுத்தேன்.