வேர் தேட டிஎன்ஏ கிட் வாங்குமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிஎன்ஏ பரிசோதனை விளம்பரம் எதைப் பார்த்தாலும் ஒரு வண்ண வட்டம் இருக்கும். இத்தனை விழுக்காடு தென்னிந்தியா, இத்தனை இலங்கை, ஓரத்தில் கொஞ்சம் பர்மா. பலரும் அந்த வட்டத்துக்காகவே கிட் வாங்குகிறார்கள். முன்னோரைத் தேடுபவருக்கு அதனால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு. நிறுவனம் தன்னிடமுள்ள ஒப்பீட்டு மாதிரிகளோடு உங்கள் மாதிரியை வைத்துப் பார்த்துச் சொல்லும் மதிப்பீடுதான் அது. அந்தத் தொகுப்பைப் புதுப்பித்தால் உங்கள் விழுக்காடும் மாறும். போன வருடம் இருந்த பர்மா இந்த வருடம் காணாமல் போகும். பாட்டனார் தஞ்சாவூர்ப் பக்கமா, வட ஆர்க்காடா என்பதை அது சொல்லாது. சாதியும் சொல்லாது.

தேடலுக்கு உதவுவது அதே கணக்கில் வேறொரு பக்கத்தில் இருக்கும் பொருத்தப் பட்டியல். உங்களோடு டிஎன்ஏ துண்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் மற்ற வாடிக்கையாளர்கள் யார், எவ்வளவு பகிர்கிறார்கள் என்பது அதில் வரும். ஆகவே நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றே: நமக்குச் சொந்தமாக இருக்கக்கூடியவர்கள் ஏற்கெனவே எங்கே மாதிரி கொடுத்திருக்கிறார்கள்?

யார் இருக்கிறார்கள் என்று பாராமல் வாங்குவது

அன்செஸ்ட்ரியிடம் 2.5 கோடிக்கும் மேற்பட்டோரின் மாதிரிகள் உள்ளன. பெரும்பகுதி வட அமெரிக்காவைச் சேர்ந்தவை. கயானா, டிரினிடாட் போய் அங்கிருந்து டொராண்டோவுக்கும் நியூயார்க்குக்கும் குடியேறிய குடும்பங்களைத் தேடுகிறீர்கள் என்றால் முதல் இடம் அதுதான். ஐரோப்பாவில் இருப்பவர்களைத் தேட மைஹெரிடேஜ். தமிழ்நாட்டிலேயே இருந்துகொண்டு மாதிரி கொடுத்தவர்கள் எல்லா நிறுவனத்திலும் குறைவு. அதனால் டர்பனிலோ மொரிஷியஸிலோ இருக்கும் ஒருவருக்குப் பட்டியலில் வருபவர்கள் பெரும்பாலும் தம்மைப் போலவே கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகளாகத்தான் இருப்பார்கள். இரண்டு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட அண்ணன் தம்பியின் கிளைகள் அப்படிப் பிடிபடுவதுண்டு.

ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் கிட்டைவிடக் காகிதம் மலிவு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போன 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, கிராமம் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். மொரிஷியஸ் பதிவுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் உள்ளன. இவற்றைத் தேடிப் பார்த்துவிட்டு, எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது என்று தெரிந்தபிறகு டிஎன்ஏவுக்கு வாருங்கள். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் வாங்கிய கிட்டின் முடிவை இரண்டு நாள் பார்த்துவிட்டு மூடி வைப்பவர்களே அதிகம்.

இன்னொன்று. சில நிறுவனங்கள் உடல்நல அறிக்கையும் பூர்வீக விழுக்காடும் மட்டும் தரும்; பொருத்தப் பட்டியலே கிடையாது. விலை குறைவென்று அதை வாங்கினால் குடும்ப வரலாற்றுக்கு எதுவும் கிடைக்காது.

வகை தெரியாமல் வாங்குவது

பெரும்பாலோருக்கு வேண்டியது ஆட்டோசோமல் பரிசோதனை. அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் பார்க்கும். ஐந்தாறு தலைமுறை வரை நம்பலாம். மைட்டோகாண்ட்ரியப் பரிசோதனை தாய், தாயின் தாய் என்று ஒரே கோட்டில் போவது. அது மிக மெதுவாக மாறுவதால், பொருந்தியவரோடு உறவு எத்தனை தலைமுறை முந்தியது என்று சொல்வது கடினம்.

ஒய் குரோமோசோம் பரிசோதனையை வெளிநாட்டுக் கையேடுகள் குடும்பப் பெயரோடு சேர்த்தே பேசும். நமக்குத் தகப்பன் பெயர்தான் இனிஷியல், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஆகவே குடும்பப் பெயர்த் திட்டங்களில் சேர்ந்து பயனில்லை. ஆனால் பங்காளி உறவைச் சரிபார்க்க இதைவிடப் பொருத்தமான கருவி வேறில்லை. ஒரே குலதெய்வத்தைக் கும்பிடும் இரண்டு குடும்பங்கள் உண்மையிலேயே ஒரே ஆண் மூதாதையின் வழியா என்று தெரிய வேண்டுமா? இரு குடும்பத்திலிருந்தும் தகப்பன் வழியில் இடையறாமல் வரும் ஓர் ஆண் வீதம் ஃபேமிலிட்ரீடிஎன்ஏ நிறுவனத்தில் ஒய்-37, அதாவது 37 இடங்களை ஒப்பிடும் ஒய் பரிசோதனை எடுக்கட்டும். ஒத்துப்போனால் மட்டும் இன்னும் நுணுக்கமான ஒய்-111 அல்லது பிக் ஒய்-700க்கு மேலும் செலவழிக்கலாம். ஒருவர் மட்டும் எடுத்தால் ஒப்பிட ஆளில்லாமல் சும்மா கிடக்கும். பெண்களுக்கு ஒய் குரோமோசோம் இல்லாததால் தகப்பனாரோ சகோதரரோ சித்தப்பாவோ கொடுக்க வேண்டும்.

அறிக்கையில் வரும் ஹாப்லோகுழு எழுத்தை, அதாவது தொன்மையான வம்சக் கிளையின் குறியீட்டைக் குடும்ப வரலாறு என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. மதுரை வட்டாரத்தில் கண்டறியப்பட்டுச் செய்தித்தாள்களில் அடிபட்ட எம்130 குறியீடு பல பதினாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித இடப்பெயர்ச்சியைப் பற்றியது. உங்கள் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

வரிசையை மாற்றுவது

அன்செஸ்ட்ரியும் 23அண்ட்மீயும் வேறு நிறுவனம் உங்கள் டிஎன்ஏவைப் படித்துத் தரும் மூலத் தரவுக் கோப்பை ஏற்பதில்லை. அங்கே பட்டியலில் இடம்பெற வேண்டுமென்றால் அங்கேயே கிட் வாங்கியாக வேண்டும். ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும், கோப்புகளை ஒப்பிடும் தளமான ஜெட்மேட்ச்சும் அந்தக் கோப்பைப் பதிவேற்ற விடுபவை. எனவே கோப்பு ஏற்காத இடத்தில் முதலில் பரிசோதித்து, கோப்பை இறக்கி, ஏற்கும் இடங்களில் ஏற்றுவதே சிக்கனம். எந்த நிறுவனக் கோப்பை யார் ஏற்பார்கள் என்ற விதி அடிக்கடி மாறும். காசு கட்டும் அன்றே இருபுறத்து உதவிப் பக்கங்களையும் படித்துவிடுங்கள்.

இளையவரின் மாதிரியைக் கொடுப்பது

வீட்டில் ஆர்வமுள்ளவர் பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான். மாதிரியும் அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். பாட்டியின் தாத்தா 1880களில் கப்பலேறினார், அவருடைய தம்பி ஊரிலேயே தங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பாட்டியும் ஊரில் தம்பி கிளையில் அதே தலைமுறைக்காரரும் இரண்டாம் நிலை கசின்கள். அவர்கள் பகிர்வது சராசரியாக 229 சென்டிமார்கன். டிஎன்ஏ துண்டின் நீளத்தை அந்த அலகில்தான் சொல்வார்கள். இந்த நெருக்கத்தில் பொருத்தம் தவறுவதே இல்லை எனலாம். இரு பக்கத்துப் பேரப்பிள்ளைகளோ நான்காம் நிலை. ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு துண்டும் பொருந்தாது. பொருந்துபவர்களுக்கும் சராசரி 35தான்.

ஒரே ஒரு கிட் வாங்கக் காசு இருந்தால் அது பாட்டிக்கு. பாட்டி இல்லையென்றால் அவருடைய தம்பி தங்கைக்கு. எதற்காக எடுக்கிறோம், எதிர்பாராத உறவு வெளிப்படலாம் என்பதைச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே எடுக்க வேண்டும்.

உறவுப் பெயரை அப்படியே நம்புவது

தமிழ்க் குடும்பங்கள் அதிகமாக ஏமாறும் இடம் இது. 'ஃபர்ஸ்ட் கசின்', 'ஹாஃப் சிப்ளிங்' என்று தளங்கள் ஒட்டும் பெயர்கள், தாய் தகப்பன் இருவரும் ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள் என்ற அனுமானத்தில் கணக்கிடப்பட்டவை. தாய்மாமனையும் அத்தை மகனையும் மாமன் மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த குடும்பத்துக்கு அந்த அட்டவணை பொருந்தாது.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் மணக்கிறார்கள். இரு தம்பதியரின் பிள்ளைகள் இரண்டு வழியிலும் அத்தை, மாமன் பிள்ளைகள். சாதாரண ஃபர்ஸ்ட் கசின்கள் பகிர்வது சராசரியாக 866 சென்டிமார்கன். இவர்களுக்கு அது 1,500ஐச் சுலபமாகத் தொடும். அதைப் பார்த்ததும் தளம் அரைச் சகோதரர், அதாவது தகப்பனோ தாயோ மட்டும் பொதுவானவர் என்று எழுதிவிடக்கூடும். வீட்டில் எவ்வளவு பெரிய கலகம் கிளம்பும் என்று சொல்லத் தேவையில்லை.

இதைச் சரிபார்க்க வழி உண்டு. இருவர் கோப்பையும் ஜெட்மேட்ச்சில் ஏற்றி, ஒருவரோடொருவர் ஒப்பிடும் கருவியில் படத்தோடு பாருங்கள். மஞ்சள் பகுதி, குரோமோசோம் இணையில் ஒன்று மட்டும் பொருந்துவது. பச்சை, இரண்டும் பொருந்துவது. பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவாக இருந்து, மற்ற இருவரும் உறவில்லாதவர்கள் என்றால் நீளமான பச்சைப் பகுதிகள் இருக்கக் கூடாது. இரட்டைச் சம்பந்தத்துப் பிள்ளைகளுக்கு மரபணுத் தொகுதியில் சுமார் பதினாறில் ஒரு பங்கு பச்சையாக வரும்.

பெற்றோர் உறவினர்களா என்று பார்க்கும் கருவியும் அங்கே உண்டு. தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைக்கு எட்டில் ஒரு பங்கும், அத்தை மகன், மாமன் மகளைக் கட்டியவரின் பிள்ளைக்குப் பதினாறில் ஒரு பங்கும் தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் வந்த டிஎன்ஏ ஒன்றாக இருக்கும் என்பது சராசரிக் கணக்கு. மூத்த தலைமுறைகளும் சொந்தத்திலேயே கட்டியிருந்தால் இன்னும் கூடும். முதலில் இதைப் பார்த்துவிட்டால் உங்கள் பட்டியல் எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்று பிடிபடும்.

சின்னப் பொருத்தங்களிலும் இதே சிக்கல்தான். பத்துப் பன்னிரண்டு சிறு துண்டுகள் சேர்ந்து 80 சென்டிமார்கன் வந்தால் அது பல தலைமுறைக்கு முந்தைய பல வழி உறவுகளின் கூட்டாக இருக்கலாம். 45 நீளத்தில் ஒரே துண்டு உள்ள 60 அதைவிட மதிப்புள்ளது. மொத்தத்தைப் பார்க்குமுன் மிக நீளமான துண்டைப் பாருங்கள். 20க்குக் கீழே இருந்தால் அந்த நபருக்குக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். துண்டு எந்தக் குரோமோசோமில் எங்கே விழுகிறது என்று அன்செஸ்ட்ரி காட்டுவதில்லை. மைஹெரிடேஜும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் காட்டுகின்றன. சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு விலை வேறுபாட்டைவிட முக்கியம்.

நாட்டுச் சட்டத்தை மறப்பது

எல்லா நிறுவனங்களும் எல்லா நாட்டுக்கும் கிட் அனுப்புவதில்லை. இந்திய முகவரிக்கு ஆர்டர் செய்யுமுன் அனுப்பும் நாடுகளின் பட்டியலைப் பாருங்கள். பிரான்ஸில் ஆர்வத்துக்காக டிஎன்ஏ பரிசோதனை செய்துகொள்வதே சட்டப்படி குற்றம், 3,750 யூரோ வரை அபராதம். ரியூனியன் தீவும் பிரெஞ்சு மண்தான் என்பதை அங்குள்ள நம் வம்சாவளியினர் நினைவில் வைக்க வேண்டும்.

விசாவுக்கோ வழக்குக்கோ இந்த முடிவுகள் செல்லாது. மாதிரி கொடுத்தவர் யார் என்று யாரும் நேரில் சரிபார்க்காததே காரணம். கனடாவுக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ அழைக்க டிஎன்ஏ சான்று கேட்டால், கனடா தரநிலைகள் மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில்தான் எடுக்க வேண்டும்.

கணக்கு திறந்தபின் என்ன நடக்கும் என்று யோசிக்காதது

2023இல் 23அண்ட்மீ வாடிக்கையாளர்கள் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. திருடர்கள் நேரடியாக நுழைந்தது சுமார் 14,000 கணக்குகளில்தான், அதுவும் வேறு தளங்களில் கசிந்த பழைய கடவுச்சொற்களை வைத்து. மற்றவர்களின் விவரம் உறவினர் பட்டியல் வழியாகவே போயிற்று. தனிக் கடவுச்சொல்லும் இரட்டைச் சரிபார்ப்பும் உங்களுக்கு மட்டுமல்ல, உங்கள் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் பாதுகாப்பு. அதே நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஜூலையில் அதன் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கி தலைமையிலான லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. எந்த நிறுவனமும் கைமாறும் என்பதால், முடிவு வந்த அன்றே மூலத் தரவுக் கோப்பை இறக்கிச் சொந்த வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை அழிப்பதும் ஆய்வகத்தில் உள்ள எச்சிலை அழிக்கச் சொல்வதும் சில இடங்களில் தனித்தனி வேண்டுகோள்கள்.

ஜெட்மேட்ச்சில் ஏற்றும்போது காவல்துறைத் தேடலுக்கு இசைவா என்ற தெரிவு வரும். 2018இல் கலிஃபோர்னியாவின் தொடர் கொலைகாரன் 'கோல்டன் ஸ்டேட் கில்லர்' பிடிபட்டது அந்தத் தளத்தின் உதவியோடுதான். இசைவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். படிக்காமல் அமுக்க வேண்டாம்.

செலவு விஷயத்தில் ஒன்றுதான். கிட் விலையோடு முடிவதில்லை, பொருத்தங்களின் குடும்ப மரத்தைப் பார்க்கவும் ஆவணங்களைத் திறக்கவும் சந்தா கேட்பார்கள். ஏப்ரல் 25 டிஎன்ஏ நாளையொட்டியும் நவம்பர் கடைசியிலும் விலை இறங்கும், அவசரமில்லாவிட்டால் காத்திருக்கலாம்.

மாதிரி எடுக்கும்போது

சாப்பிட்டு, குடித்து, புகைத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை போடும் பெரியவர்கள் நன்றாக வாய் கொப்பளித்து, அதற்குப் பிறகு அரை மணி காத்திருக்கட்டும். பாக்குத் துணுக்கு குழாய்க்குள் போனால் மாதிரி கெட்டு மறுபடி கேட்பார்கள். எச்சில் குழாயில் கோடு வரை நிரப்ப வேண்டும், நுரை கணக்கில் சேராது. வாய் வறண்ட முதியவருக்கு அது பெரும்பாடு. அவருக்குக் கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுக்கும் குச்சி முறை சுலபம். மைஹெரிடேஜும் ஃபேமிலிட்ரீடிஎன்ஏவும் அதைத்தான் தருகின்றன. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் கொடுக்கக் கூடாது, கொடையாளியின் டிஎன்ஏ கலந்துவிடும். வீட்டில் இரண்டு பேர் ஒரே நாளில் எடுத்தால் ஒருவருடைய குழாயை மூடி, எண்ணைப் படமெடுத்து, அவர் பெயரில் இணையத்தில் பதிந்து, உறையை ஒட்டிய பிறகே அடுத்த கிட்டைப் பிரியுங்கள்.