சின்னக் கைக்கு எந்தப் பிஸ்டல்? ரேஞ்சில் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

துப்பாக்கி சுடும் கிளப்பின் பிஸ்டலில் கொஞ்ச நாள் சுட்டுப் பழகியதும் சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று தோன்றும். அப்போது ஆளுக்கு ஒரு கம்பெனிப் பெயர் சொல்வார்கள். ஒருவர் ஸ்டெயர் என்பார், இன்னொருவர் மோரினி என்பார், மூன்றாமவர் பார்தினியைத் தவிர வேறெதையும் தொடாதே என்பார். மூவரும் தங்கள் கைக்கு ஒத்ததைத்தான் சொல்கிறார்கள். என் உள்ளங்கை சிறியது, விரல்களும் குட்டை. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கடைக்குப் போய் நாலைந்தை எடுத்துப் பிடித்துப் பார்க்கும் வசதி கிடையாது. கிளப்பில் மற்றவர்கள் வைத்திருப்பதை அவர்கள் முன்னாலேயே இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்து முடிவெடுத்தேன். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நிற்பது, மூச்சு விடுவது, குறி பார்ப்பது எல்லாம் உங்கள் கோச் சொல்லித் தந்திருப்பார். அதற்குள் போகவில்லை.

முதலில் சட்டம், பாதுகாப்பு

காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத, 4.5 மி.மீ. ஏர்கன்களுக்கு அந்த விலக்கைத் தருகின்றன. போட்டிக்கான ஏர் பிஸ்டலின் ஆற்றல் 6 ஜூல் அளவில்தான் இருக்கும். தோட்டா போட்டுச் சுடும் .22, .32 இரண்டுக்கும் லைசென்ஸ் கட்டாயம், அதற்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். வெளிநாட்டு வீடியோக்களில் வரிசையாக வைத்து ஒப்பிடுகிறார்களே, அந்த 9 மி.மீ. பிஸ்டல்கள் நம் நாட்டில் தனியாருக்குத் தடை செய்யப்பட்ட ரகம். அந்த வீடியோக்களை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது.

இரவல் துப்பாக்கி எதுவானாலும் கையில் வாங்கும் முன் திறந்து, உள்ளே எதுவும் இல்லை என்று காட்டச் சொல்லுங்கள். முகவாய் (குழலின் நுனி) எப்போதும் டார்கெட் பக்கமே இருக்கட்டும். ஏர் பிஸ்டல்தானே என்று கண்ணாடி போடாமல் நிற்காதீர்கள். .22-க்கும் .32-க்கும் காதுக்கவசமும் வேண்டும்.

கைப்பிடி: அதிக நேரம் செலவிட வேண்டிய இடம்

என்னை ரொம்ப நாள் அலைக்கழித்தது இந்தக் கட்டம்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு பிஸ்டல் "கைக்குச் சுகமாக இருக்கிறது" என்று தோன்றினால் மட்டும் போதாது. சுகமாக இருந்தும் டிரிகருக்கு விரல் எட்டாமல் போகலாம். எட்டாதபோது நாம் அறியாமலேயே கையைக் கைப்பிடியின் ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வோம். எட்டிவிடும், ஆனால் குழல் முழங்கையின் நேர்கோட்டில் இருந்து விலகிவிடும். பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டை முறுக்கித்தான் குறியை நேராக்க வேண்டியிருக்கும்.

சோதிப்பது எளிது. காலிப் பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, டார்கெட் உயரத்துக்குத் தூக்குங்கள். 10 மீட்டரிலும் 25 மீட்டரிலும் டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.40 மீட்டர். கண்ணைத் திறந்ததும் ஃபோர் சைட் (முன்குறி) பேக் சைட்டின் (பின்குறி) வெட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், பிஸ்டலை இறக்கி, பிடியை முழுக்க விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்துத் தூக்குங்கள். நாலைந்து தடவையும் அதே பக்கம் ஒதுங்கினால் அந்தக் கைப்பிடி உங்களுடையது இல்லை.

அடுத்து விரல். சுட்டுவிரலின் முதல் கணுவுக்கு முன்னுள்ள சதை டிரிகரில் உட்கார வேண்டும். விரலின் மற்றப் பகுதி கைப்பிடி மரத்தைத் தொடக்கூடாது, ஒரு தாள் நுழையும் இடைவெளியாவது வேண்டும். எட்டவில்லை என்றால் உடனே பிஸ்டலைத் தள்ளிவிடாதீர்கள். போட்டிப் பிஸ்டல்களில் டிரிகரைச் சில மி.மீ. பின்னால் நகர்த்தலாம். அதற்கும் எட்டாவிட்டால் எஸ் அளவுக் கைப்பிடி கிடைக்கிறதா என்று கேளுங்கள். என்னைப் போன்ற கைகளுக்கு எம் அளவைக் கொடுத்து, "பழகிவிடும்" என்பார்கள். பழகாது.

கைப்பிடியின் அடியில் இருக்கும் உள்ளங்கைத் தாங்கியைக் கை நெரியும்படி இறுக்க வேண்டாம். லேசாகத் தொட்டுக்கொண்டு இருந்தால் போதும்.

மரத்தை நமக்கு ஏற்றபடி திருத்தவும் செய்யலாம். பாளையங்கோட்டையில் மரவேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் எனக்கு அரத்தாலும் உப்புத்தாளாலும் கட்டைவிரல் பக்கத்தைக் குறைத்துத் தந்தார், குழிவு வந்த இடத்தில் மரப்புட்டி வைத்து நிரப்பினார். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள், ஒவ்வொரு தடவையும் மேலே சொன்ன கண்மூடிச் சோதனையைச் செய்யுங்கள். புட்டியை அள்ளி அப்பவும் வேண்டாம். போட்டியில் ஏர் பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். அந்த 50 மி.மீ. அகலத்தில்தான் தடித்த கைப்பிடிகள் மாட்டிக்கொள்கின்றன.

நம் ஊர் சித்திரை வெயிலில் இன்னொன்றும் உண்டு: வியர்வை. வழவழப்பான வார்னிஷ் போட்ட கைப்பிடி பத்துக் குண்டுக்குள் நழுவ ஆரம்பிக்கும். சொரசொரப்பாகக் கொத்திய மரமே நல்லது. ஒப்பிடும் நாளில் ஒரு பருத்தித் துண்டை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிஸ்டலுக்கு முன்னும் கையைத் துடையுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவதாக எடுத்த பிஸ்டல் அநியாயமாகத் தோற்கும்.

குட்டையா, நீளமா?

மோரினி 162இஐ ஷார்ட், ஸ்டெயர் ஈவோ 10 காம்பாக்ட் என்று குட்டை மாடல்கள் இருக்கின்றன. குழல் குட்டையானால் முன்பக்கப் பாரம் குறையும், மெலிந்த தோள் சீக்கிரம் சோராது. இழப்பது, இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரத்தை. கணக்குப் போட்டுப் பாருங்கள். சைட் அரை மி.மீ. விலகினால், அந்த இடைவெளி 360 மி.மீ. உள்ள பிஸ்டலில் 10 மீட்டரில் சுமார் 14 மி.மீ. தப்பும். 300 மி.மீ. என்றால் சுமார் 17 மி.மீ. ஏர் பிஸ்டல் டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் 8 மி.மீ. ஆக, அந்தச் சின்ன விலகலுக்கு நீளப் பிஸ்டலிலும் கிட்டத்தட்ட இரண்டு வளையம் போகும், குட்டையில் இன்னும் மூன்று மி.மீ. கூடுதலாகப் போகும்.

கையில் தாங்கும் பலம் இருப்பவர்களுக்கு நீளமே மேல். ஆனால் நாற்பதாவது குண்டில் நீளப் பிஸ்டலின் நுனி தொங்கத் தொடங்கினால் அந்த மூன்று மி.மீ. லாபத்தால் பயனில்லை. நான் குட்டையைத்தான் எடுத்தேன்.

பின்னுதைப்பு

தோட்டாவின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி எவ்வளவு வேகமாகப் பின்னால் வரப் பார்க்கிறது என்று தெரியும். ஏர் பிஸ்டலில் அரை கிராம் பெல்லட் (அதன் சிறு குண்டு) விநாடிக்குச் சுமார் 150 மீட்டரில் போகிறது. ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பிஸ்டல் விநாடிக்கு 8 செ.மீ. வேகத்தில் பின்வாங்கும், அவ்வளவுதான். .22-இல் 2.6 கிராம் தோட்டா, 300 மீட்டர் வேகம், 1.1 கிலோ பிஸ்டல்: சுமார் 70 செ.மீ. இப்போது .32 நீளத் தோட்டா ரிவால்வருக்கு வாருங்கள். கான்பூரில் 2014-இல் வெளியான நிர்பீக் 500 கிராம்தான். பெண்களின் கைப்பைக்கு ஏற்றது என்று அந்த எடையைச் சொல்லித்தான் விற்றார்கள். 6.3 கிராம் தோட்டா 210 மீட்டர் வேகத்தில் போனால் அந்த ரிவால்வர் விநாடிக்கு 2.6 மீட்டரில் பின்னால் வரும். அதே தோட்டாவை முக்கால் கிலோ ரிவால்வரில் சுட்டால் 1.8 மீட்டருக்குள் அடங்கும். மருந்துப் புகை தரும் கூடுதல் உதையை இதில் சேர்க்கவில்லை. எடை குறைந்தது பெண்களுக்குச் சுலபம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். தூக்கிச் செல்லச் சுலபம், சுட அல்ல.

ரேஞ்சில் இதை எப்படிப் பார்ப்பது? சுட்ட பிறகு இரண்டு விநாடி கையை இறக்காதீர்கள். ஃபோர் சைட் எழும்பி எங்கே வந்து உட்காருகிறது என்று கவனியுங்கள். நேர் மேலே போய்ப் பழைய இடத்துக்கே வந்தால் பிடி சரி. ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு இடத்தில் இறங்கினால் கைப்பிடிக் கட்டத்துக்குத் திரும்பிப் போங்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கிய 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் 8, 6, 4 விநாடிகளுக்குள் ஐந்து டார்கெட்டில் ஐந்து குண்டு போட வேண்டும். அங்கே இந்தத் திரும்பி வருதல்தான் எல்லாம்.

.32-ஐ ஒப்பிடுகிறவர்கள் கோச்சிடம் டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) கலந்து போடச் சொல்லுங்கள். எது நிஜம், எது டம்மி என்று உங்களுக்குத் தெரியக்கூடாது. டம்மி வரும்போது முகவாய் கீழே குத்தினால், உதைக்கு முன்பே கை பயந்து தள்ளுகிறது என்று அர்த்தம். அந்தப் பழக்கம் ஏறிவிட்டால் ஏர் பிஸ்டலிலும் தொற்றும். ஆரம்பத்திலேயே .32-இல் கை வைக்க வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குறி: ஸ்கோரைப் பார்க்காதீர்கள்

எங்கள் கோச் சார் திரும்பத் திரும்பச் சொல்வது: "ஏ எம்மா, நம்பரைப் பாக்காத, ஓட்டையைப் பாரு."

இரவல் பிஸ்டலின் சைட் அதன் உரிமையாளருடைய கண்ணுக்கு வைத்தது. நீங்கள் சுட்டால் ஐந்தும் எட்டாம் வளையத்தில், இடது கீழே, ஒன்றின்மேல் ஒன்றாக விழலாம். ஸ்கோர் 40. இன்னொரு பிஸ்டலில் 10, 9, 7, 10, 8 என்று டார்கெட் முழுக்கச் சிதறி 44 வரலாம். நல்லது முதல் பிஸ்டல்தான். சைட்டின் திருகை நாலைந்து கிளிக் திருப்பினால் அந்த ஐந்தும் நடுவுக்கு வந்துவிடும். சிதறலை எந்தக் கிளிக்காலும் சேர்க்க முடியாது. ஆகவே குரூப்பிங்கை, அதாவது குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதை மட்டும் அளந்து பாருங்கள், இரவல் பிஸ்டலின் சைட்டைத் தொடாதீர்கள்.

தொடங்கும் முன் இரண்டு பிஸ்டலிலும் டிரிகரை இழுக்க வேண்டிய பாரத்தை உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம், .22 ஸ்போர்ட் பிஸ்டலுக்கு 1000 கிராம். ஒன்று 500, மற்றது 700 என்று இருந்தால் நீங்கள் பிஸ்டலை அல்ல, டிரிகரைத்தான் ஒப்பிடுகிறீர்கள். இதே காரணத்தால் ஏர் பிஸ்டலையும் .22-ஐயும் ஒரே நாளில் ஒப்பிட வேண்டாம். பெல்லட்டும் ஒரே டப்பாவிலிருந்து வரட்டும்.

டார்கெட்டைப் பின்பக்கம் திருப்பி மாட்டுங்கள். வெறும் வெள்ளைத்தாளில் கண் நடுவிலுள்ள கருப்பு வட்டத்தைத் துரத்தாது, சைட்டிலேயே நிற்கும். முதல் பிஸ்டலில் ஐந்து, இரண்டாவதில் ஐந்து, மறுபடி இரண்டாவதில் ஐந்து, பிறகு முதலாவதில் ஐந்து. இந்த வரிசையில் போனால் களைப்பு இரண்டுக்கும் சமமாக விழும். குண்டு போன உடனே, தாளைப் பார்க்கும் முன், "இது கெட்டது" என்று தோன்றினால் சொல்லிவிடுங்கள். அப்படிச் சொன்னதை மட்டும் கழிக்கலாம். பார்த்த பிறகு கழிப்பது கூடாது.

அளப்பதற்கு வெர்னியர் காலிப்பர் வாங்குங்கள், டிஜிட்டல் தேவையில்லை. மிகத் தள்ளியிருக்கும் இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, 4.5 மி.மீ. கழித்தால் மையத்துக்கு மையம் வரும். தட்டைத் தலைப் பெல்லட்தான் தாளைச் சுத்தமாக வெட்டும், கூர்முனை தாளைக் கிழித்துக் கணக்கைக் கெடுக்கும். ஒரே ஒரு குரூப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வேறு வேறு நாளில் நாலைந்து குரூப் எடுத்துச் சராசரி பாருங்கள்.

மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுட்டுப் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். பேர்பெற்ற எந்த ஏர் பிஸ்டலும் 11.5 மி.மீ. பத்தாம் வளையத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுவிடும். அதில் தெரிவது பிஸ்டலின் திறன். நாம் தேடுவது நம் கையோடு சேர்ந்த திறன், அதனால் நின்று சுட்ட தாள்களுக்கே முதலிடம்.

25 மீட்டர் திறந்தவெளி ரேஞ்ச் என்றால் மாதத்தையும் பாருங்கள். ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர் பக்கம் வீசும் மேல்காற்று நீட்டிய கையையே ஆட்டிவிடும். அந்தக் காலத்தில் எடுத்த குரூப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விடிந்ததும் காற்று எழும்பும் முன் சுட்டால் உண்டு.

பின்சேர்க்கை

முன்பு இதை எழுதியபோது விட்டுப்போன இரண்டை வாசகர்கள் கேட்டிருந்தார்கள்.

இடது கைக்காரர்கள் வலது கைப்பிடியில் சுகத்தைச் சோதித்துப் பார்த்துப் பயனில்லை. இடது கைப்பிடி தனியாகத்தான் வாங்க வேண்டும், அதன் விலையையும் சேர்த்துப் பேசுங்கள்.

இரண்டாவது, பழைய பிஸ்டல் வாங்குவது. ஐரோப்பிய ஏர் பிஸ்டல்களில் குண்டைத் தள்ளும் காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர்களில் தயாரித்த தேதி பொறித்திருக்கும், ஆயுள் பத்து ஆண்டு என்று பல கம்பெனிகள் சொல்கின்றன. உள்ளே 200 பார் அழுத்தம் நிற்கும் பொருள் அது. தேதி தாண்டியிருந்தால் பிஸ்டல் எவ்வளவு நன்றாகக் குரூப் போட்டாலும் அந்தச் சிலிண்டரில் காற்று நிரப்பாதீர்கள், புதுச் சிலிண்டரின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கைப்பம்பால் நிரப்புகிறவர்கள், குறிப்பாகச் சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் இருப்பவர்கள், ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாமல் பம்பு அடிக்க வேண்டாம். சிலிண்டர் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ரஷ்ய பைக்கால் 46எம் இருக்கிறது. குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலை ஒரு தடவை இழுத்து மூடினால் ஒரு குண்டுக்கான காற்று. எடை சுமார் 1.3 கிலோ, போட்டியின் உச்சவரம்பு ஒன்றரைக் கிலோவுக்குள் வரும். ஆனால் அறுபது தடவை அந்த நெம்புகோலை இழுத்த கையால் கடைசிப் பத்தைச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.