பழைய பிக்கப் வெடித்து வெடித்து ஓடினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் எங்கள் கராஜுக்கு ஊரிலிருந்து புதிதாக வரும் பையன்கள் டீசலில் கை தேர்ந்தவர்கள், ஸ்கேனர் மாட்டிப் பழகியவர்கள். 22ஆர் பெட்ரோல் இன்ஜின் போட்ட பழைய ஹைலக்ஸ் ஒன்று வந்து நின்று, ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் ‘டப் டப்’ என்று வெடித்தால் திணறிப்போகிறார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள இந்த மாதிரி வண்டியில் ஸ்கேனர் மாட்ட இடமே கிடையாது. போன வாரம் ஒரு பையன், 15 வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே வேலையைச் செய்யப் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். பிளக் வயர் மாறியிருப்பது, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருப்பது போன்றவற்றை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் பக்கம் வெடிக்கிறது என்று பார்க்காமல் ஸ்பேனரை எடுப்பது

கார்புரேட்டர் வழியாக வெடித்தால் ஒரு கதை, சைலன்சரில் வெடித்தால் வேறு கதை. மேலே வெடித்தால், பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கலாம். அந்தக் கலவை மெதுவாக எரியும்; கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறக்கும்போதும் தீ அணைந்திருக்காது. இல்லையென்றால் இன்டேக் வால்வு சரியாக மூடவில்லை. சைலன்சரில், அதுவும் காலை எடுத்து வேகம் குறையும்போது மட்டும் வெடித்தால், முதலில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கெட்டைப் பாருங்கள். கசிவு இருந்தால் அதன் ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு ஓடியிருக்கும். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே போய்த்தான் மிச்சப் பெட்ரோலைக் கொளுத்துகிறது.

டேப்பட் சத்தம் போகிற வரை இறுக்குவது

ஓனருக்குச் சத்தம் பிடிக்காது என்று, டேப்பட்டில் வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியை இறுக்கிவிடுகிறார்கள். அப்புறம் வால்வு சரியாக மூடாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது இடைவெளி இன்டேக் வால்வுக்கு 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மி.மீ. இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும், இருக்கட்டும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வெடிப்பை அடக்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

காய்கறி ஏற்றும் பட்டான் ஒருவருடைய வண்டி. சைலன்சரில் வெடிக்கிறது, இழுவை இல்லை என்று கொண்டுவந்தார். டைமிங் லைட் அடித்துப் பார்த்தேன். டைமிங், அதாவது ஸ்பார்க் விழும் நேரம், பின்தங்கியிருந்தது; புல்லியில் உள்ள கோடு ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. போல்ட்டைத் தளர்த்தி, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைக் காதால் கேட்டுக் கேட்டுத் திருப்பினேன். வெடிப்பு நின்றது. அவர் சந்தோஷமாகப் போனார். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி முன்பக்கம் ‘கரகர’ என்று கேட்டதை நானும் கேட்டேன். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு வாரம் கழித்து அதே வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆயில் கேஜை உருவினால் பால் காப்பி நிறத்தில் நுரை. முன்கவரைக் கழற்றினோம். உள்ளே ஓடும் டைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கைடு நொறுங்கி, துண்டுகள் ஆயில் சம்ப்பில் கிடந்தன. தாங்க ஆள் இல்லாத செயின் அலுமினியக் கவரை ரம்பம்போல அறுத்து, ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் பாதைவரை போயிருந்தது. தண்ணீர் ஆயிலில் இறங்கி பேரிங் எல்லாம் போச்சு. அந்த மனிதருக்கு ஒரு மாத வருமானம் நின்றது.

டைமிங் தானாக மாறாது. டிஸ்ட்ரிபியூட்டர் போல்ட் இறுக்கமாக இருக்கும்போது டைமிங் பின்தங்கினால், ஏன் என்று கேட்க வேண்டும். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்; கேம்ஷாஃப்டைச் சுழற்றுவது செயின். செயின் தொய்ந்தால் வால்வும் ஸ்பார்க்கும் சேர்ந்தே தாமதமாகும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினால் ஸ்பார்க் மட்டும்தான் முன்னால் வரும். வால்வு அப்படியே பின்தங்கி நிற்கும், செயின் அறுத்துக்கொண்டே இருக்கும்.

பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கையாலேயே முன்னும் பின்னும் அசையுங்கள். புல்லி நன்றாகத் திரும்பிய பிறகுதான் மூடிக்குள் சுழலும் ரோட்டர் அசைகிறதா? செயினில் தொய்வு. அப்புறம் டேப்பட் கவரைத் திறந்து முன்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். கைடு உடைந்திருந்தால் கண்ணில் படும். செயின் செட் மாற்றும்போது இரும்பு முதுகு உள்ள கைடாகக் கேட்டு வாங்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைக்காமல் டைமிங் பார்ப்பது

அப்படிப் பார்த்த டைமிங் அளவு பொய்.

ஏர் கிளீனர் இல்லாமல் ஸ்டார்ட் அடிக்கும்போது கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்ப்பது

தீ மேலே வரும். முகத்தைத் தள்ளி வையுங்கள்.