ஆச்சிமார் பாட்டைப் பதிவு செய்ய எந்த மென்பொருள் ஏற்றது?

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் ஆச்சிமார் பாடும் தாலாட்டைக் கணினியில் பதிவு செய்ய விரும்புவோர், மென்பொருளுக்கு முன்பாக இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழவழப்பான சுவர்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் குரலை எதிரொலிக்கச் செய்யும்; அதை எந்த மென்பொருளாலும் முழுமையாக நீக்க முடியாது. ஆகவே வளவை, அதாவது வீட்டின் நடு முற்றப் பகுதியைத் தவிர்த்து, மெத்தையும் துணிகளும் நிறைந்த உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்லுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஆடாசிட்டியே போதும் என்பது என் கருத்து. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தக் கட்டற்ற மென்பொருள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாகவே இயங்குகிறது. பாட்டுக்கு முன் சில விநாடிகள் அமைதியாக இருக்கச் சொல்லி அதையும் பதிவு செய்துகொண்டால், அந்தப் பகுதியை இரைச்சலின் மாதிரியாகக் காட்டிப் பதிவு முழுவதிலும் அதே இரைச்சலைக் குறைக்கலாம். இங்கே மிகுந்த நிதானம் தேவை. அளவு மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும்; ‘ஆராரோ’ என்று இழுத்து மெல்லத் தேய்ந்து முடியும் இடத்தை மென்பொருள் இரைச்சலென்று எண்ணி விழுங்கிவிடும். முதலில் 6 டெசிபெல் மட்டும் குறைத்து, ஹெட்போனில் அந்த இழுப்பைக் கேட்டுப் பாருங்கள். இந்த இரைச்சல் நீக்கம் ஒலியையே மாற்றிவிடுவதும், திட்டக் கோப்பை (project) மூடித் திறந்தபின் பழைய நிலைக்குத் திரும்ப முடியாததும் ஆடாசிட்டியின் பெரிய குறைகள். எனவே திருத்தத் தொடங்கும் முன்பே மூலப் பதிவை வேவ் (WAV) ஒலிக்கோப்பாகத் தனியே சேமித்துவிடுங்கள்.

ரீப்பர் என்ற மென்பொருளில் அந்தக் கவலை குறைவு. வெட்டினாலும் ஒட்டினாலும் மூலக் கோப்பு அப்படியே இருக்கும். குலவை ஒரு மைக்கிலும் பாட்டு மற்றொன்றிலுமாகப் பல தடங்களைக் கையாள அது மிகவும் வசதியானது. 60 நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்த்தபின் உரிமம் வாங்க வேண்டும். ஆனால் அதன் பட்டியல்களும் அமைப்புகளும் ஏராளம் என்பதால், பழகுவதற்குப் பொறுமை வேண்டும்.

அடோபி ஆடிஷன் மென்பொருளுக்குச் சந்தா கட்ட வேண்டும், லினக்ஸில் இயங்காது. இருந்தாலும் எதிரொலியைத் தணிக்கும் வசதி அதிலேயே இருப்பதால், பாடியவர் மறைந்துவிட்ட நிலையில், வளவில் பதிவான பழைய பாட்டு ஒன்று மட்டுமே கைவசம் இருக்குமானால், ஒரு மாதச் சந்தா செலுத்தியாவது அதை முயன்று பார்ப்பது தகும்.