கார்ன்ஃப்ளேக்ஸ் போட்ட மாட்டுக்கறிக் கோலா: தொண்ணூறுகளின் ருசி

கெல்லாக்ஸ் 1994-ல் இந்தியாவுக்கு வந்தது. நம்மூரில் பாலைச் சூடாக ஊற்றித்தானே பழக்கம்? ஊற்றிய நிமிஷமே கார்ன்ஃப்ளேக்ஸ் கூழாகிவிடும். எங்கள் வீட்டில் ஒருத்தரும் அதைச் சீண்டவில்லை. காசு கொடுத்து வாங்கியது நமத்துப்போவதற்குள் அம்மா அதைக் கோலா உருண்டையில் பொட்டுக்கடலை மாவுக்குப் பதிலாகச் சேர்த்துவிட்டார். அமெரிக்க வீடுகளிலும் மீட்லோஃப் என்று கொத்திய மாட்டுக்கறியில் இதையே கலந்து ஓவன் அடுப்பில் வேகவைப்பார்கள் என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். அம்மாவின் ருசி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

அரைக் கிலோ கறிக்கு: கார்ன்ஃப்ளேக்ஸ் 3 கப், சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, வரமிளகாய் 6, சோம்பும் கசகசாவும் ஒவ்வொரு ஸ்பூன், தேங்காய்த் துருவல் 2 ஸ்பூன், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், முட்டை 2.

கறி வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். நான் கோவையில் உக்கடம் பக்கம் வாங்குகிறேன். "கழுவி வடிச்சிட்டு அப்புறம் கொத்துங்ணா, கொழுப்புக் கொஞ்சம் சேர்த்துப் போடுங்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கொத்திய பிறகு கழுவினால் கறி குடித்த தண்ணீரை வெளியே எடுப்பது பெரும்பாடு.

வடச்சட்டியில் கறி, மஞ்சள்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது. எண்ணெயும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், மூடியும் வேண்டாம். கறியே தண்ணீர் விட்டு அதிலேயே வேகும். குக்கரில் வைத்தால் நேரம் மிச்சம்தான், ஆனால் அந்தத் தண்ணீர் முழுக்க உள்ளேயே நின்றுவிடும். கொதிக்கிற சத்தம் அடங்கி, கொழுப்பில் பொரிகிற சத்தம் கேட்க வேண்டும். கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் நீர் கசிந்து வந்தால் இன்னும் ஆகவில்லை.

மசாலாச் சாமான்களையும் தேங்காயையும் வறுத்துப் பொடியுங்கள். வெங்காயத்தை வதக்கி, எல்லாம் ஆறியதும் கறியோடு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். அம்மி இருந்தால் அம்மிதான். மிக்ஸி கொஞ்ச நேரத்தில் சுற்றாமல் நின்று தண்ணீர் கேட்கும், கொடுத்துவிடாதீர்கள். நிறுத்தி, வழித்துவிட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

இனிதான் கார்ன்ஃப்ளேக்ஸ். ஒன்றரைக் கப்பை மிக்ஸியில் மாவாக்குங்கள். மீதியைத் துணியில் கட்டிச் சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டினால் போதும், ரவையைவிடப் பெரிதாக உடைந்திருக்கட்டும். மாவு உள்ளே போக, உடைத்தது வெளியே. ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மாவில் பாதியை மட்டும் கறியில் பிசைந்து கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அப்போது பிசுபிசுவென்றுதான் இருக்கும். அதைப் பார்த்து மீதி மாவையும் கொட்டினால் பொரித்த உருண்டை தொண்டையை அடைக்கும், ஏனென்றால் கார்ன்ஃப்ளேக்ஸ் ஈரத்தை மெதுவாகத்தான் இழுக்கும். கால் மணி கழித்து ஓர் உருண்டை பிடித்துப் பாருங்கள். கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு. வெடித்தால் அடுத்த முட்டையிலிருந்து கொஞ்சம்.

எலுமிச்சை அளவுக்கு உருட்டி, அடித்த முட்டையில் தோய்த்து, உடைத்த கார்ன்ஃப்ளேக்ஸில் புரட்டிக் கடலெண்ணெயில் பொரியுங்கள். தீ மிதமாக இருக்கட்டும். கார்ன்ஃப்ளேக்ஸில் சர்க்கரை இருப்பதால் சட்டென்று கருகும். உள்ளே ஏற்கெனவே வெந்ததுதான், மேலே பொன்னிறமானால் எடுத்துவிடலாம்.

அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டு இதைத் தொட்டுக்கொள்ளுங்கள். தக்காளிச் சாஸ் வைக்கிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பின்சேர்க்கை: தேன் கலந்த கார்ன்ஃப்ளேக்ஸ் போடலாமா என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம், இன்னும் சீக்கிரம் கருகும், கறியும் இனிக்கும். முந்தின நாளே புரட்டி ஃப்ரிட்ஜில் வைத்தவர்கள் மொறுமொறுப்பே இல்லை என்கிறார்கள். உருண்டையை மட்டும் பிடித்து மூடி வையுங்கள், முட்டையும் புரட்டலும் எண்ணெய் காயும்போது. ஆட்டுக்கறியிலும் இதே கணக்குதான், சீக்கிரம் வெந்துவிடும்.