"அது அவரவர் இஷ்டமுங்க" என்று முடிப்பதற்கு முன்

ஈரோட்டு ஏலத்தில் விரலி மஞ்சளை ஒடித்துப் பார்த்து "நல்ல சரக்கு" என்கிறார் ஒரு வியாபாரி. பக்கத்தில் நிற்பவர் உதட்டைப் பிதுக்குகிறார். மதிப்பு பொருளில் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் இருக்கிறதா என்ற பழைய சண்டை இங்கேயே தொடங்கிவிடும். பலரும் சறுக்குவது முதல் அடியில்: "நல்ல சரக்கு" என்பதை ஒரே கூற்றாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பிரித்துப் பாருங்கள். இந்த மூட்டையில் ஈரம் எவ்வளவு என்பதைக் கருவி சொல்லும். யார் விருப்பமும் அதை மாற்றாது. முழு மஞ்சளில் ஈரம் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு மனிதர் வைத்தது. மனம்போன போக்கில் வைக்கவில்லை. ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும். குழம்புக்கு எந்த நிறம் அழகு என்பதுதான் அவரவர் இஷ்டம். மூன்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் பேச்சு விடியவிடிய நீளும்.

"ஆளுக்கொரு கருத்து, அதனால் உண்மை என்று ஒன்றில்லை" என்பது அடுத்த சறுக்கல். ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1757இல் வெளியிட்ட கட்டுரையில் டான் கிஹோட்டே என்ற ஸ்பானிய நாவலிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்வார். ஒரே பீப்பாய் ஒயினை ருசித்த இருவரில் ஒருவர் தோல் வாடை என்றார், மற்றவர் இரும்பு வாடை என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பீப்பாயைக் காலி செய்தபோது அடியில் கிடந்தது, தோல்வார் கோத்த ஒரு சாவி. இத்தனைக்கும் அழகு பொருளில் இல்லை என்ற கட்சிக்காரர் ஹியூம்.

விலையை மதிப்பென்று நம்புவதும் உண்டு. குவிண்டால் விலை நேற்று ஒன்று, இன்று ஒன்று. மஞ்சள் அதேதான்.

"விருப்பத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது" என்பார்கள். பளிச்சென்ற மஞ்சள்தான் வேண்டும் என்பவரிடம், அந்த நிறத்துக்காக ஈய குரோமேட் பூசும் கலப்படம் உண்டு, ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் விருப்பம் அசையும், ஏனென்றால் அது தகவலின் மேல் நின்றது. எந்தத் தகவலுக்கும் அசையாமல் நிற்பதுதான் சுத்தமான ருசி. ஊத்துக்குளி வெண்ணெய் பிடிக்கவில்லை என்பவரிடம் வாதாடி என்ன ஆகப்போகிறது?

இவ்வளவு பிரித்த பிறகும் ஒன்று மிஞ்சும். ஈயம் கெடுதல் என்று ஆய்வகம் காட்டிவிடும். தெரிந்தே அதைக் கலந்து விற்பது தப்பு என்பதை எதைக்கொண்டு அளப்பது? புறநிலை மதிப்பு, அதாவது யார் மனத்தையும் சாராத மதிப்பு, என்று உலகில் எதுவும் இல்லை என்று தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1977இல் வாதிட்டார். வாங்குபவர், விற்பவர், ஊர் எல்லாரும் சம்மதித்தாலும் அது தப்புதான் என்கிறது எதிர்த்தரப்பு. ஈரமானி இங்கே உதவாது.